கிரியாட்டினின் நார்மல்தானே, அப்புறம் என்ன?

(சிறுநீரக மருத்துவர் பதில்கள். அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சர்க்கரையும் கிட்னியும் பற்றியவை என்பதால் அவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறார்.)

கேள்வி: வயது 61. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். 14 வருடமாகச் சர்க்கரை. மாத்திரை தவறுவதில்லை. மூன்று மாதச் சர்க்கரை 7.4. கிரியாட்டினின் 1.1, லேப் தாளில் நார்மல் என்றே போட்டிருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் மருமகன் ஒரு செய்தி அனுப்பினார். சர்க்கரையோடு கிட்னியும் கெட்டவர்களில் பத்து வருடத்துக்குள் பத்துக்கு மூன்று பேர் போய்விடுகிறார்களாம். உண்மையா? அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.
- ஒரு வாசகர், மன்னார்குடி

ஐயா, கணக்கு வாத்தியாரிடம் கணக்காகவே பேசிவிடலாம். உங்கள் மருமகன் படித்தது பொய்யில்லை. பாதிதான் படித்திருக்கிறார்.

அமெரிக்காவில் 1988 முதல் 1994 வரை நடந்த பெரிய உடல்நலக் கணக்கெடுப்பில் இருந்த சுமார் 15,000 பேரை 2006 வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2013ல் முடிவு வெளியானது. வயது வித்தியாசம் போன்றவற்றைச் சமன் செய்த பிறகு வந்த எண்கள் இவை: சர்க்கரையும் இல்லை, கிட்னி பாதிப்பும் இல்லை என்றால் பத்து வருடத்தில் இறந்தவர்கள் 100க்கு 7.7. சர்க்கரை உண்டு, கிட்னி நன்றாக இருக்கிறது என்றால் 11.5. சர்க்கரையும் உண்டு, கிட்னியும் பாதித்திருக்கிறது என்றால் 31.1. மருமகனின் 'பத்துக்கு மூன்று' இதுதான்.

நடுவில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 7.7க்கும் 11.5க்கும் நாலு கூட வித்தியாசம் இல்லை. சர்க்கரை வந்தாலே ஆயுள் பாதி என்று ஊரில் பேசுகிறார்களே, அந்தப் பாதியைத் தின்றது பெரும்பாலும் கிட்னி கெட்ட கூட்டத்தில்தான். பின்லாந்தில் சிறு வயதிலேயே இன்சுலின் போட ஆரம்பிக்கும் முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் நாலாயிரம் பேரைப் பார்த்தபோதும் இதே கதை. கிட்னி பழுதாகாதவர்கள் ஊரில் மற்றவர்கள் வாழ்ந்த அளவுக்கு வாழ்ந்தார்கள். என்னைக் கேட்டால், மருமகன் அனுப்பியது ஒருவகையில் நல்ல செய்தி.

இன்னொன்று. அந்த 31 பேர் கிட்னி செயலிழந்து போனவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சர்க்கரையால் கிட்னி பாதித்தவர்களில் பலர் டயாலிசிஸ் வரைக்கும் போவதே இல்லை. அதற்கு முன்னாலேயே மாரடைப்பு, இதயம் தளர்வது, பக்கவாதம் என்று ஏதாவது ஒன்று கொண்டுபோய்விடுகிறது. இத்தனை வருடத்தில் எங்கள் வார்டுக்கு வந்ததைவிட, எங்கள் வார்டுக்கு வருவதற்கு முன்பே கார்டியாலஜி வார்டில் முடிந்துபோனவர்கள் அதிகம் என்பது என் எண்ணம்.

சரி, உங்கள் கிட்னி எப்படி? கடிதத்தில் கிரியாட்டினின், அதாவது கிட்னி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு ரத்தத்தில் எவ்வளவு என்பதை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் அதை மட்டும்தான் எழுதுகிறார்கள். ஊர்ப்பக்கம் 'உப்பு கூடியிருக்கா?' என்று கேட்பதும் அதைத்தான். வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து, கிட்னி நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்கிட வேண்டும். இஜிஎஃப்ஆர் என்று ரிப்போர்ட்டில் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். 61 வயது ஆணுக்கு 1.1 என்றால் சுமார் 76 வரும். பரவாயில்லை. அதே வயதில் உங்கள் வீட்டம்மாவுக்கும் 1.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குச் சுமார் 57தான். மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழேயே இருந்தால் அதற்குப் பெயர் நாள்பட்ட சிறுநீரக நோய். ஒரே எண், ஒரே லேப், இரண்டிலும் 'நார்மல்' என்று அச்சாகி வந்திருக்கலாம். கிட்னியின் திறன் ஏறக்குறைய பாதி போகும்வரை கிரியாட்டினின் வாய் திறக்காது. இதனால்தான் 'கிரியாட்டினின் நார்மல்தானே, அப்புறம் என்ன?' என்ற பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

உங்கள் கடிதத்தில் இல்லாத எண் ஒன்று உண்டு. சிறுநீரில் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம், சுருக்கமாக ஏ.சி.ஆர். சோறு வடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சிப்பல் நன்றாக இருந்தால் கஞ்சி மட்டும் வடியும். ஓட்டை பெரிதானால் கஞ்சியோடு பருக்கையும் விழும். ஆல்புமின் என்ற புரதம்தான் அந்தப் பருக்கை. ஏ.சி.ஆர். 30க்குக் கீழே என்றால் நிம்மதி. 30 முதல் 300 வரை என்றால் ஒழுக ஆரம்பித்துவிட்டது. 300க்கு மேல் போனால் ஒழுக்கு பலம். ஓட்டை விழுந்தது கிட்னியில் மட்டும் என்றும் சொல்வதற்கில்லை. உடம்பு முழுக்க ஓடும் ரத்தக்குழாயின் உள்பூச்சு ஒன்றுதான். கிட்னியில் ஒழுகுகிறது என்றால் இதயத்திலும் கண்ணிலும் அதே பூச்சு உரிந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம். இஜிஎஃப்ஆர் 90 இருந்து, ஏ.சி.ஆர். 200 இருப்பவரை நான் 'நல்ல கிட்னி' என்று வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்.

உங்களுக்கு வந்திருப்பது போன்ற இரண்டாம் வகைச் சர்க்கரையில், கண்டுபிடித்த வருடத்திலிருந்தே ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சோதனை வேண்டும். நீங்கள் 14 வருடத்தில் ஒருமுறையாவது செய்தீர்களா? காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர் போதும், வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை. காய்ச்சல், நீர்க்கடுப்பு உள்ள நாட்களிலும், முந்தின நாள் கடுமையாக உடற்பயிற்சி செய்திருந்தாலும் வேண்டாம், எண் ஏறிக் காட்டும். ஏறி வந்தால் உடனே கலங்காமல், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை பார்த்து, இரண்டு முறையாவது ஏறியிருந்தால்தான் உறுதி என்று வைத்துக்கொள்வோம். முடிவு வந்ததும் இரண்டு எண்களையும் எழுதுங்கள். இன்று ராத்திரி தூங்குங்கள்.

கேள்வி: மாமியாருக்கு 67 வயது, 20 வருடமாகச் சர்க்கரை. இன்சுலினும் மாத்திரையும் உண்டு. மூன்று மாதமாக ஒரு வைத்தியர் தந்த சூரணம் சாப்பிடுகிறார். அதிலிருந்து சர்க்கரை தானாக இறங்கிவிட்டது. வெறும் வயிற்றில் 80, 70 என்று வருகிறது. இன்சுலினைப் பாதியாகக் குறைத்தும் இறங்குகிறது. போன வாரம் விடிகாலையில் வேர்த்து, பேச்சுக் குழறி விழுந்துவிட்டார், சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் எழுந்தார். சர்க்கரை குணமாகிவிட்டது, இனி மருந்தே வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு என்னவோ பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, அருப்புக்கோட்டை

அம்மா, வீட்டில் சரியாக யோசிப்பவர் நீங்கள் ஒருவர்தான். பத்திரிகை கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று ஆசிரியர் குழு மூலம் உங்களுக்கு ஏற்கெனவே சொல்லி அனுப்பினேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

போட்ட இன்சுலினைக் கரைத்து வெளியேற்றுவதில் கிட்னிக்குப் பெரிய பங்கு உண்டு. கிட்னி தளர்ந்தால் காலையில் போட்ட ஊசி ராத்திரி வரை உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும். சில சர்க்கரை மாத்திரைகளும் அப்படித்தான், குறிப்பாக கிளிபென்கிளமைடு. பசியும் குறைந்திருக்கும். சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்? மேலே போனதெல்லாம் கீழே வருகிறது என்று வீடே சந்தோஷப்படுகிற நேரத்தில், கிட்னி கடையைச் சாத்திக்கொண்டிருக்கும்.

இந்தச் சந்தோஷத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை ஒரு பெரியவரை அவர் மகன்கள் லட்டு டப்பாவோடு அழைத்து வந்தார்கள். 'அப்பாவுக்குச் சுகர் போயிருச்சு சார், உங்களுக்குத்தான் முதல் லட்டு' என்றார்கள். கால் வீங்கியிருந்தது, வாயில் யூரியா வாடை. கிரியாட்டினின் 7.8. அந்த லட்டை மேசை மேல் வைத்துக்கொண்டு நான் என்ன சொல்வது?

மூன்று மாதச் சர்க்கரையை நம்பியும் ஏமாற வேண்டாம். கிட்னி மிகவும் தளர்ந்தவர்களுக்கு ரத்தசோகை இருக்கும், சிவப்பணுக்களின் ஆயுளும் குறையும், அதனால் அந்தச் சோதனையே உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்.

மாமியாருக்கு உடனே கிரியாட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின், சிறுநீர் பார்க்க வேண்டும். மருந்துகளின் அளவை மாற்ற வேண்டியது டாக்டர்; நீங்களாக மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள். அந்தச் சூரணத்தை மட்டும் இன்றே நிறுத்துங்கள், டப்பாவைத் தூக்கி எறியாமல் டாக்டரிடம் காட்டுங்கள். எல்லா நாட்டு மருந்தும் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத டப்பாவை, பாதரசமும் ஈயமும் சேர்ந்த சில மருந்துகளால் கெட்ட கிட்னிகளைப் பார்த்தவன் நம்ப மாட்டான், அவ்வளவுதான்.

கேள்வி: சிறுநீர் நுரைத்துக்கொண்டு போகிறது. கிட்னி போய்விட்டதா?
- ஒரு வாசகர், ஓசூர்

உயரத்திலிருந்து வேகமாகப் போனாலும் நுரைக்கும், டாய்லெட்டில் ஊற்றிய ஆசிட்டாலும் நுரைக்கும். தண்ணீர் ஊற்றிய பிறகும் கலையாமல் தினமும் நின்றால் சோதியுங்கள்.

சிறுநீரைப் பார்த்து நோய் சொல்வது நமக்குப் புதிதில்லை. சித்த மருத்துவத்தில் நீர்க்குறி, நெய்க்குறி என்று அதற்குத் தனிக் கலையே உண்டு. லண்டனில் ரிச்சர்ட் பிரைட் 1827ல் ஒரு கரண்டியில் சிறுநீரை ஊற்றி மெழுகுவத்தி மேல் காட்டி, அது முட்டை வெள்ளைபோலத் திரிந்தால் கிட்னியில் கோளாறு என்று எழுதினார். நம் சென்னையில் டாக்டர் எம்.கே. மணி தொடங்கிய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், 1990களில் உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு வீடாகச் சிறுநீரில் சல்ஃபோசாலிசிலிக் அமிலச் சொட்டு விட்டுப் பார்க்க வைத்தது. புரதம் இருந்தால் பால்போலக் கலங்கும். பெரிய மெஷின் ஏதும் இல்லை. அப்படிக் கண்டுபிடித்தவர்களுக்கு விலை மலிவான பிரஷர், சர்க்கரை மாத்திரைகளைக் கொடுத்தே கிட்னி தளர்வதை மெதுவாக்கினார்கள். இளம் டாக்டர்களுக்கு வகுப்பெடுக்கும்போது வெளிநாட்டு ஆய்வுகளுக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன்.

கேள்வி: சர்க்கரையால் கிரியாட்டினின் 2.6 இருக்கிறது. தினமும் காலையில் வாழைத்தண்டு ஜூஸ், மூன்று லிட்டர் தண்ணீர், மதியம் இளநீர் என்று கிட்னியைக் கழுவுகிறேன். சரிதானே?
- ஒரு வாசகர், கும்பகோணம்

சரியில்லை. நிறுத்துங்கள். கல் அடைப்புக்குச் சொன்ன வைத்தியத்தைத் தளர்ந்த கிட்னிக்குச் செய்கிறீர்கள். தண்டிலும் இளநீரிலும் பொட்டாசியம் உண்டு. நல்ல கிட்னி அதை வெளியே தள்ளிவிடும், 2.6 கிட்னி திணறும். பொட்டாசியம் ரொம்ப ஏறினால் இதயம் நிற்கும், முன்கூட்டிச் சொல்லிவிட்டும் நிற்காது. கடையில் 'குறைந்த சோடியம்' என்று விற்கும் உப்பிலும் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம்தான், அதுவும் உங்களுக்கு ஆகாது. ஸ்டார் ஃப்ரூட் பக்கமே போகாதீர்கள், அது கிட்னி நோயாளிக்கு மூளையைத் தாக்கும் விஷம். தண்ணீர் எவ்வளவு என்பதைக் கால் வீக்கத்தையும் சிறுநீர் அளவையும் பார்த்து உங்கள் டாக்டர் சொல்லட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் விட்டாலே கும்பகோணத்து ஆளுக்குப் பாதி வைத்தியம். டிகிரி காபியை நான் தொடவில்லை, சர்க்கரை மட்டும் வேண்டாம்.

கேள்வி: எனக்கு 52 வயது. சிறுநீரில் புரதம் 420. டாக்டர் டெல்மிசார்டனும் டபாக்ளிஃபுளோசினும் எழுதினார். எனக்குப் பிரஷரே கிடையாது, எதற்குப் பிரஷர் மாத்திரை? ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் கிரியாட்டினின் 1.2லிருந்து 1.4 ஆகிவிட்டது! மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்கிறது என்று வாட்ஸ்அப்பிலும் வந்தது. இரண்டையும் நிறுத்திவிட்டேன்.
- ஒரு வாசகர், திருப்பூர்

தம்பி, நிறுத்தியதை டாக்டரிடம் சொல்லாமல் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். முதலில் அவரிடம் போங்கள்.

சர்க்கரை வந்த கிட்னி ஆரம்ப வருடங்களில் சோம்பேறியாக இருக்காது, அளவுக்கு மீறி வேலை செய்யும். வடிகட்டியின் உள்ளே அழுத்தம் எகிறியிருக்கும். கையில் பார்க்கும் பிரஷர் 120 இருந்தாலும் உள்ளே அப்படித்தான். டெல்மிசார்டன் வெளியே போகும் குழாயை அகட்டிவிடும். டபாக்ளிஃபுளோசின் உள்ளே வரும் குழாயைக் கொஞ்சம் இடுக்கும். அழுத்தம் இறங்கும், ஒழுக்கு குறையும். அழுத்தம் இறங்குவதால் முதல் சில வாரங்களில் கிரியாட்டினின் சற்று ஏறத்தான் செய்யும். 30 சதவீதம் வரை ஏறுவதை நாங்கள் பொறுத்துக்கொள்வோம். உங்களுக்கு ஏறியது 17 சதவீதம். ஓவர்டைம் செய்துகொண்டிருந்த ஆளை ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பினால் உற்பத்தி கொஞ்சம் குறையும். ஆனால் ஆள் பல வருடம் வேலைக்கு வருவான். திருப்பூர்க்காரருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

டபாக்ளிஃபுளோசினை 4,304 கிட்னி நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2020ல் வெளியானது, மூன்றில் இரண்டு பேர் சர்க்கரைக்காரர்கள். சரிபாதியாகப் பிரித்து ஒரு பாதிக்கு மருந்தும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். இரண்டரை வருடத்துக்குள் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 146 பேர் இறந்தார்கள், மருந்து சாப்பிட்டவர்களில் 101 பேர். முதல் கேள்வியில் வந்த 31 சதவீதக் கணக்கு டபாக்ளிஃபுளோசின் வகை மாத்திரைகள் இல்லாத காலத்துக் கணக்கு என்பதை மன்னார்குடி ஐயாவும் கவனிக்க வேண்டும். இந்த மருந்தின் காப்புரிமை இந்தியாவில் 2020 அக்டோபரில் முடிந்து, பல கம்பெனிகள் செய்ய ஆரம்பித்து, விலை நன்றாக இறங்கிவிட்டது. அதே வகையைச் சேர்ந்த எம்பாக்ளிஃபுளோசினும் 2025 மார்ச்சுக்குப் பிறகு அப்படியே. வாரம் ஒருமுறை போடும் செமாகுளூடைடு ஊசியும் இதே நோயாளிகளில் இறப்பைக் குறைப்பதாக 2024ல் தெரிந்தது, யாருக்குத் தேவை என்பது டாக்டர் முடிவு.

சில விஷயங்கள் கண்டிப்பு. டெல்மிசார்டன் ஆரம்பித்த இரண்டு முதல் நாலு வாரத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். டபாக்ளிஃபுளோசின் சிறுநீரில் சர்க்கரையை இறக்கும் மாத்திரை, பிறப்புறுப்பில் அரிப்பு, பூஞ்சை வரலாம். சுத்தமாக வைத்திருங்கள், வந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். வாந்தி பேதி கண்ட நாளிலும், சாப்பிடாமல் விரதம் இருக்கும் நாளிலும் டாக்டரைக் கேட்டுத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். முதுகுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளை விட்டுவிடுங்கள். கிட்னியைக் கெடுக்கும் மாத்திரை எது என்று வாட்ஸ்அப்பில் தேடினீர்களே, அது இது.

கேள்வி: டாக்டர் சார், இவ்வளவு சொல்கிறீர்களே, உங்களுக்குச் சர்க்கரை உண்டா?
- ஒரு கல்லூரி மாணவி, சிவகங்கை

உண்டு பாப்பா. 49 வயதில் வந்தது, இப்போது 67.

என் அப்பா மானாமதுரை ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேன். அவருக்கும் உண்டு. அப்போது வீட்டில் சர்க்கரை பார்க்க மெஷின் கிடையாது. பெனடிக்ட் திரவம் என்று நீல நிறத்தில் ஒன்று. ஐந்து மில்லியில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுச் சுட வைத்தால், சர்க்கரை இல்லையென்றால் நீலமாகவே இருக்கும், இருந்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, ரொம்பக் கூடினால் செங்கல் நிறம். அம்மா அதை அடுப்படிக்குள் விட மாட்டார். கொல்லைப்புறத்தில் ஸ்பிரிட் விளக்கு வைத்து அப்பாவே காய்ச்சுவார். சிக்னல் விளக்கு பார்க்கிற ஆள் இல்லையா, 'இன்னைக்குப் பச்சை, வண்டி போகலாம்' என்று சொல்லிவிட்டு இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டுவிடுவார். அவர் சிறுநீர் நுரைக்கிறது என்று அம்மா சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சாயந்திரமானால் ஷூ கழற்றிய இடத்தில் வார் தடம் பள்ளமாக இருக்கும். அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. 1979ல், 54 வயதில், நைட் டூட்டி முடிந்து வந்து திண்ணையில் உட்கார்ந்தவர், வேர்த்துக் கொட்டி அப்படியே சாய்ந்தார். நான் மருத்துவக் கல்லூரி மூன்றாம் ஆண்டு. மாரடைப்பு என்றார்கள், சரிதான். கிட்னி பற்றி அன்று எனக்கும் தோன்றவில்லை, நாலைந்து வருடம் கழித்து ஒரு வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது அந்த வார் தடம் ஞாபகம் வந்தது. தோன்றியிருந்தாலும் கொடுக்க மருந்து ஏது? கிட்னியைக் காக்கும் மாத்திரைகளில் முதலாவதான கேப்டோப்ரில் 1981ல்தான் விற்பனைக்கே வந்தது.

என்னுடைய ஏ.சி.ஆர். ஏழு வருடம் முன்பு 140. மருந்துகளுக்குப் பிறகு 64, போன தையில் 38. இஜிஎஃப்ஆர் 68. பிரஷரை 130க்குக் கீழே வைத்திருக்கிறேன், கொழுப்பு மாத்திரையும் உண்டு, சிகரெட்டை 1998லேயே விட்டாயிற்று. ஜாங்கிரி மட்டும் அப்பா வழியில் கொஞ்சம் தங்கிவிட்டது. அடுத்த டெஸ்ட் மறுபடி தையில். பொங்கலுக்கு முன்னால் எடுக்க வேண்டும் என்கிறேன் நான், பின்னால் எடுத்தால்தான் உண்மை தெரியும் என்கிறார் என் மனைவி. பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை.